விதைக்கு முந்திய கட்டை

மரம்னா என்ன? உள்ளே வைரம் இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல் என்கிறது தொல்காப்பியம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல்தான். சரி, உள்ளே கட்டை வைத்துப் பெருத்த ஆதி மரங்கள் எவை? இதைத் தேடிப் போனபோது கிடைத்த கதை இது.

1871-இல் கனடாவின் புவியியலாளர் ஜான் வில்லியம் டாசன், டெவோனியன் காலப் பாறைகளில் கிடைத்த இலைப் படிவங்களுக்கு ஆர்க்கியோப்டெரிஸ் என்று பெயர் வைத்தார. பார்க்க அப்படியே பெரணி. விதை கிடையாது, ஸ்போர்தான். 1911-இல் ரஷ்யாவின் மிகைல் ஜலெஸ்கி, கல்லாகிப்போன ஒரு கட்டைக்குக் காலிக்ஸிலான் என்று பெயரிட்டார். அதுவும் டெவோனியன் காலத்ததுதான். ஆனா மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பைன் மரத்துக் கட்டை மாதிரி. நீர் கடத்தும் நீண்ட டிரக்கீடு செல்கள், அவற்றின் சுவரில் கூட்டம் கூட்டமாகக் குழிகள். இந்த வகை அடிமரங்களில் சில ஒரு மீட்டருக்கும் மேல் விட்டம் கொண்டவை.

ஆக, இலை பெரணிக் கணக்கில், கட்டை பைன் கணக்கில். எங்கள் தொழிலில் ஒரே வாடிக்கையாளர் இரண்டு எண்களில் பதிவாகிவிடுவார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பதிவும் சரியாகத்தான் இருக்கும். இங்கே அந்தக் குழப்பம் ஏறக்குறைய ஐம்பது வருஷம் நீடித்தது.

1960-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் பெக் அதைத் தீர்த்தார். நியூயார்க் மாநிலத்தில் கிடைத்த படிவம் ஒன்றில் அந்தக் கட்டையும் அந்த இலையும் ஒட்டியே இருந்தன. இரண்டும் ஒரே தாவரம்! ஸ்போர் விட்டுப் பெருகிய ஒன்று, பைன் போலக் கட்டை வைத்திருக்கிறது. அதாவது, விதைத் தாவரங்களின் கட்டை விதையோடு சேர்ந்து வந்ததல்ல. கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு உள்பக்கம் சைலத்தையும் வெளிப்பக்கம் புளோயத்தையும் உண்டாக்கும் ஏற்பாடு, விதை இல்லாத இந்த மரத்திலேயே இருந்தது. நம்ம வேம்பும் தேக்கும் இன்றைக்கும் பெருப்பது அப்படித்தான்.

அப்போ கட்டை வந்தது உயரமாக வளரவா? 2011-இல் பிலிப் ஜெரியென் குழுவினர் அதைவிடப் பழைய கட்டையைப் பற்றி எழுதினார்கள். பிரான்ஸில் கிடைத்தது, சுமார் 40.7 கோடி ஆண்டுப் பழசு. மரம்கூட இல்லை, மெல்லிய தண்டுள்ள சின்னச் செடி. அந்த அளவுக்குத் தூண் தேவையே இல்லை. கட்டை முதலில் உருவானது தண்ணீர் கடத்தத்தான் என்பது அவர்கள் வாதம்.

நாம் வைரம் பாய்ந்த கட்டை என்று தட்டிப் பார்த்து வாங்குவது, தொடக்கத்தில் வெறும் தண்ணீர்க் குழாய்!