பல்லிகளின் ஓய்வும் உறக்கமும்

பல்லி, ஊர்வன வகுப்பைச் சேர்ந்த சிறு உயிரினம். கௌளி, கெவுளி என்றும் வழங்கப்படும். வீட்டுப் பல்லி பகலில் நாட்காட்டியின் பின்புறத்திலும் விட்டத்து இடுக்கிலும் ஒடுங்கிக் கிடக்கும். இருட்டியபின் விளக்கடிக்கு வரும். தலைகீழாகத் தொங்கியும், கண்களை மூடாமலும், மணிக்கணக்கில் அசையாமலும் அது ஓய்வெடுக்கும் விதம் பல நூற்றாண்டுகளாக மனிதரை வியக்கவும் அஞ்சவும் வைத்துள்ளது.

பழந்தமிழரும் கிரேக்கரும்

சங்கப் புலவர்கள் பல்லியின் ஒலியைக் கூர்ந்து கேட்டிருக்கின்றனர். நற்றிணையின் 246ஆம் பாடலில் சுவர்ப் பல்லியின் ஒலி நற்குறியாக வருகிறது. குறுந்தொகையின் 16ஆம் பாடல் வேறு வகை. பாலை நிலத்துக் கள்ளியில் இருக்கும் செங்கால் பல்லி தன் துணையை அழைப்பதாக அது கூறுகிறது. அந்த ஒலிக்கு, கள்வர் அம்பு முனையை நகத்தில் புரட்டிப் பார்க்கும் ஓசை உவமையாகிறது. பல்லியின் ஒலி அதன் இனத்துக்குள் நடக்கும் பேச்சு என்றே இன்றைய உயிரியலும் சொல்கிறது. சகுனம் பார்த்தவர்களைவிட இந்தப் புலவர் உண்மைக்கு நெருக்கமாக நின்றார் எனலாம்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், மரங்கொத்தி தலைகீழாகவும் மரத்தில் ஓடக்கூடியது என்று எழுதும்போது பல்லியையே ஒப்புமை காட்டினார். ஆனால் எப்படி விழாமல் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

பிரெஞ்சுத் தொடர்பு

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையில் ஆங்கிலேயரிடம் சென்று, 1817இல் மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்குத் திரும்பியது. அதே காலத்தில், 1816 முதல் 1822 வரை, லெஷெனோ த லா தூர் என்னும் பிரெஞ்சு இயற்கையியலாளர் புதுச்சேரியை மையமாகக் கொண்டு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தாவரங்களையும் விலங்குகளையும் சேகரித்தார். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த துமெரில், பிப்ரோன் ஆகிய இருவரும் 1836இல் வெளியிட்ட ஊர்வன நூலில் ஒரு பல்லிக்கு அவர் பெயரையே சூட்டினர். அதுவே ஹெமிடாக்டிலஸ் லெஷெனோல்டி. மரப்பட்டையின் நிறமும் கோடுகளும் கொண்ட இப்பல்லி, அடிமரத்தில் ஒட்டி அசையாது கிடந்தால் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் எளிதில் தெரியாது. நம் வீடுகளில் காணும் ஹெமிடாக்டிலஸ் ஃப்ரெனாட்டஸ் என்ற பல்லியும் அதே நூலில்தான் விவரிக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1இல் காரைக்காலை விட்டு நீங்கியது. பல்லிகளுக்கு வைத்த பெயர்கள் நிலைத்துவிட்டன.

உறங்கும்போது விழாதது ஏன்?

பல்லியின் காலில் பசை கிடையாது, உறிஞ்சும் கிண்ணமும் கிடையாது. டோக்கே என்னும் பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் நுண்மயிர்கள் உண்டு. ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. 2000ஆம் ஆண்டில் கெல்லர் ஆட்டம் குழுவினர் ஒற்றை மயிரின் பிடிப்பு விசையை அளந்தனர். அந்நுனிகளுக்கும் சுவருக்கும் இடையே உள்ள வாண்டர் வால்ஸ் ஈர்ப்பே காரணம் என்று 2002இல் அவர்கள் காட்டினர். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது: இறந்த பல்லியின் பாதமும் அதே வலிமையுடன் ஒட்டுகிறது. ஆக, தொங்கிக்கொண்டு உறங்குவது பல்லிக்குப் பெரிய உழைப்பு அன்று.

கண்களைப் பொறுத்தவரை, பெரும்பாலான பல்லிகளுக்கு அசையும் இமை இல்லை. கண்ணாடி போன்ற ஒரு செதில் விழியை மூடியிருக்கிறது. அதை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். உறங்கும்போதும் கண் திறந்தே தோன்றும். வெளிச்சத்தில் பாவை மட்டும் மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும்.

ஈரமான பரப்பில் பிடிப்பு குறையும். இரைமேல் பாயும்போதும் தம்முள் சண்டையிடும்போதும் பல்லி விழுவதுண்டு. பஞ்சாங்கங்கள் இதற்குப் பலன் எழுதின. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் உள்ள தங்க, வெள்ளிப் பல்லிகளைத் தொட்டால் தோஷம் நீங்கும் என்பது மக்கள் நம்பிக்கை. பல்லி விழுந்த உணவு நஞ்சாகிவிடும் என்ற அச்சம் இன்றும் பரவலாக உண்டு. வீட்டுப் பல்லிக்கு நச்சுச் சுரப்பி கிடையாது. எனினும் அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் அவ்வுணவைக் கொட்டிவிடுவதே சரி. பல்லியை அடிக்க வேண்டியதில்லை.

வளர்ப்புப் பல்லிகள்

இன்று கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படுவனவற்றுள் சிறுத்தைப் பல்லிக்கு இமை உண்டு. கண்மூடி, கைகால்களைப் பரப்பித் தூங்கும். அதன் விரல்களில் ஒட்டும் பட்டை இல்லாததால் கண்ணாடியில் ஏறாது. கொண்டைப் பல்லியோ பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான நியூ கலிடோனியாவைச் சேர்ந்தது. 1866இல் விவரிக்கப்பட்டு, அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1994இல் மீண்டும் கண்டறியப்பட்டது. இது தொட்டியின் கண்ணாடியில் தலைகீழாக உறங்கினால் வால் முதுகுப்பக்கம் மடிந்து தொங்கும். இப்படியே நெடுநாள் உறங்கினால் இடுப்பெலும்பு கோணிவிடும் என்று வளர்ப்போர் அஞ்சுகின்றனர். கால்சியக் குறைவையும் காரணமாகச் சொல்கின்றனர். உடல் சாய்த்துக்கொள்ளக் கிளைகளும் மறைவிடங்களும் தொட்டிக்குள் வைப்பது அதனால்தான்.

பல்லி அசையாமல் இருப்பதை மட்டும் கொண்டு அது நோயுற்றது என்றோ இறந்தது என்றோ முடிவு செய்யக்கூடாது. இரவிலும் அசையாமை, வால் மெலிதல், இரையை ஒதுக்குதல் ஆகியவையே கவலைக்குரிய அறிகுறிகள். சிறுவர்கள் பாட்டிலில் பிடித்து அடைக்கும் வீட்டுப் பல்லி பகலெல்லாம் சோர்ந்து கிடப்பதுபோல் தோன்றலாம். வெயிலில் வைத்த பாட்டிலின் சூடு அதைக் கொன்றுவிடும். நிழலான சுவரோரம் மூடியைத் திறந்துவிட்டால், அது தானாக ஏறி இடுக்கைத் தேடிக்கொள்ளும்.