36 பேர் குறைந்த அவை

1952 சட்டமன்றம் என்றதும் எல்லாருக்கும் ராஜாஜியின் முகம்தான் நினைவுக்கு வரும். எனக்கு மாணிக்கவேலு நாயக்கரின் முகம் வருகிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். மொத்தம் 375 இடம். காங்கிரசுக்கு 152, பெரும்பான்மைக்கு 36 குறைவு. முதல்வர் குமாரசாமி ராஜாவே தோற்றுப்போயிருந்தார். கம்யூனிஸ்டுகள் 62, சுயேச்சைகளும் அதே 62. பிரகாசம் தலைமையில் எதிரணியினர் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்து ஆட்சி கேட்டார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார். அது முறையல்ல என்று பி. ராமமூர்த்தி நீதிமன்றம் போனார், வழக்கு நிற்கவில்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் நியாயமானது என்பேன்.

36 பேருக்கு ராஜாஜி எங்கே போவார்? இங்கேதான் நாயக்கர் வருகிறார்.

காங்கிரசில் தங்களுக்கு உரிய இடம் இல்லை என்ற வன்னியர்களின் குமுறலில் 1951இல் இரண்டு கட்சிகள் பிறந்தன. தென்னாற்காடு, சேலம் பக்கம் ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி. வடஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் நாயக்கரின் காமன்வீல் கட்சி. நான் குடியிருக்கும் பெருங்குடி அன்று செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். இன்று கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே பழைய மகாபலிபுரம் சாலையில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கட்சியின் பெயர் தெரியும்?

உழைப்பாளர் கட்சி 19 இடங்களில் வென்றது, காமன்வீல் 6இல். புதுக் கட்சிகளுக்கு இது பெரிய வெற்றி. ராஜாஜி நாயக்கருக்கு மந்திரி பதவி கொடுத்தார். ஆறு பேரும் ஆளுங்கட்சிப் பக்கம் வந்தார்கள். படையாட்சியார் மந்திரிசபையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரித்தார். முஸ்லிம் லீக்கின் ஐவரும் சுயேச்சைகள் பலரும் கைகொடுத்தார்கள். ஜூலை 3 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 200, எதிர்ப்பு 151.

1954இல் காமராஜர் முதல்வரானபோது எட்டுப் பேர் மந்திரிசபையில் நாயக்கர், படையாட்சியார் இருவருமே இருந்தார்கள். இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. பிறந்து மூன்றே ஆண்டு!

நாயக்கரை வில்லன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கேட்பாரற்றுக் கிடந்த மக்களுக்கு ஆட்சியில் ஓர் இடம் வாங்கித் தந்தவர் அவர். பிற்பாடு மேலவைத் தலைவராகவும் அமர்ந்தார். குற்றம் ராஜாஜியின் சாமர்த்தியத்தில் இருக்கிறது. ஒரு கட்சியை அவைக்குள்ளேயே பதவி கொடுத்து விழுங்கிவிடலாம் என்று முதன்முதலில் நமக்குக் காட்டியவர் அவர்தான். கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் வர 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இலங்கையிலும் இதே கதைதான். 1947 தேர்தலில் சேனநாயக்காவின் கட்சிக்கு 95இல் 42 இடமே கிடைத்தது. அடுத்த ஆண்டு தமிழ்க் கட்சித் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் மந்திரியானார். ஆனால் அங்கே அவர் கட்சியிலேயே இருந்த செல்வநாயகம் உடன்போக மறுத்துப் பிரிந்து, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். காமன்வீல் கட்சியில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் வடமாவட்ட அரசியலே வேறு மாதிரி போயிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

1957இல் அண்ணா 15 பேரில் ஒருவராக அவைக்குள் நுழைந்ததை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அவருக்கு அவைக்கு வெளியே ஊருக்கு ஊர் கிளைகளும் படிப்பகங்களும் ஏடுகளும் இருந்தன. நாயக்கருக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த வித்தியாசத்திலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன். அதற்குள் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பரணில் காமன்வீல், உழைப்பாளர் கட்சிகளின் தேர்தல் நோட்டீஸ் ஏதேனும் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள்.