உதரவிதான நரம்பு வாதம்: கண்டறிதலின் வரலாறு

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் குவிமாட வடிவத் தசையான உதரவிதானம், தன்னை இயக்கும் நரம்பு காயமுறுவதால் ஒரு பக்கமோ இரு பக்கமுமோ செயலிழந்துபோவது உதரவிதான நரம்பு வாதம் எனப்படும். கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் தண்டுவட நரம்புகளிலிருந்து கிளம்பி இதய உறையை ஒட்டி இறங்கும் இந்நரம்பு நெடுந்தூரம் செல்வதால், கழுத்துக் காயத்தாலும், கடினமான பிரசவத்தில் குழந்தையின் கழுத்து இழுபடுவதாலும், இதய அறுவையின்போது வெட்டோ உறைகுளிரோ படுவதாலும் சேதமுறக்கூடும்.

தண்டுவடத்தை வெவ்வேறு உயரங்களில் வெட்டி விலங்குகளின் மூச்சை ஆராய்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், கழுத்தின் கீழ்ப்பகுதியில் வெட்டினாலும் உதரவிதானம் இயங்குவதை 2ஆம் நூற்றாண்டிலேயே கண்டார். நோயாளியிடம் உதரவிதான வாதத்தைக் கண்டறியும் வழியை 19ஆம் நூற்றாண்டில் திறந்தவர் பிரெஞ்சு மருத்துவர் துஷேன். கழுத்தில் மின்சாரம் பாய்ச்சி நரம்பைத் தூண்டிய அவர், உதரவிதானம் செயலிழந்தவர் மூச்சை இழுக்கும்போது வயிறு புடைப்பதற்கு மாறாக உள்வாங்குவதை விவரித்தார். மல்லாந்து படுக்கையில் மூச்சுத் திணறல் கூடுவதோடு இந்த அடையாளமும் சேர்ந்தால், இரு பக்க வாதத்தை இன்றும் முதலில் காட்டிக்கொடுப்பது அதுவே.

1895இல் ரொன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபின், உயர்ந்து நிற்கும் குவிமாடத்தை நிழலாகக் காண முடிந்தது. காசநோய்ச் சிகிச்சையாக, பாதித்த நுரையீரலுக்கு ஓய்வு தருவதற்கென்று இந்நரம்பை வேண்டுமென்றே நசுக்கும் முறையும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பரவியது. நரம்பு செத்த உதரவிதானம் எப்படித் தோன்றும் என்பதை மருத்துவர்கள் ஐயமறக் கற்றது ஒருவகையில் இந்தச் சிகிச்சையால்தான். நோயாளியை மூக்கால் சட்டென்று உறிஞ்சச் சொல்லித் திரையில் நோக்கும் சோதனையில் செயலிழந்த பாதி கீழிறங்காமல் மேலேறும். ஆயினும் ஈரல் பெருக்கம், நுரையீரல் சுருக்கம் போன்றவையும் குவிமாடத்தை உயர்த்துமாதலால், உயர்ந்த நிழல் மட்டும் நரம்புச் சேதத்துக்குச் சான்றாகாது. இரு பக்கமும் செயலிழந்தவரிடமோ வயிற்றுத் தசைகளின் ஈடுகட்டும் இயக்கம் அச்சோதனையை ஏமாற்றிவிடும்.

இக்குறையை நீக்க, 1960களில் ஒரு வழி உருவானது. கழுத்தில் நரம்பைத் தூண்டி, தசையின் மின்விடை எத்தனை மில்லிநொடியில் வருகிறது என அளந்தனர். 1980களின் இறுதியில் காந்தத் தூண்டல் வந்ததால் அச்சோதனையின் வலி குறைந்தது. இன்று படுக்கையருகிலேயே செய்யும் அல்ட்ராசவுண்ட், மூச்சிழுக்கையில் தசை எவ்வளவு தடிக்கிறது எனக் காட்டுகிறது. தடிப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவாயின் வாதம் ஐயுறப்படும். காயத்தையடுத்த உடனடிச் சோதனை முடிவானதன்று. நரம்பு அறுந்ததைக் காட்டும் தன்னிச்சை மின்துடிப்புகள் தசையில் தோன்ற ஏறத்தாழ 3 வாரம் ஆகும். மீளவளரும் நரம்போ நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டரே நகரும் என்பதால், அளவீடுகள் பல மாத இடைவெளியில் மீண்டும் செய்யப்படுகின்றன.