மௌனத்தின் சமூக வரலாறு: பாலியற் கல்வியும் யாழ்ப்பாணச் சமூகமும்

பாடசாலைகளிற் பாலியற் கல்வி வேண்டுமென்ற கோரிக்கை எழும்போதெல்லாம், ‘அது நமது பண்பாட்டுக்கு ஒவ்வாது’ என்ற மறுப்பும் உடனெழுகின்றது. அம்மறுப்பு பண்பாட்டை வரலாற்றுக்குப் புறம்பானதாகக் கொள்கின்றது. களவையும் கற்பையும் வகுத்துரைக்கும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், காதலின் ஏக்கத்தையும் ஊடலையும் பாடும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றியவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. எனவே மௌனம் தமிழ் மரபின் நிலையான இயல்பன்று. அதன் சமூக அடித்தளத்தை நாம் தேட வேண்டியுள்ளது.

அவ்வடித்தளம் சொத்துடைமையாகும். ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமை சீதனத்தையும் முதுசத்தையும் விரிவாக வரையறுக்கின்றது. நிலமும் சாதி மேன்மையும் திருமணத்தின் வழியே பேணப்பட்ட சமூகத்திற் பெண்ணின் பாலியல்பு குடும்பக் காவலுக்கு உட்பட்டது. சாமத்தியச் சடங்கு இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டும். சிறுமியின் உடல் மாற்றம் ஊரறிய அறிவிக்கப்படுகின்றது. அம்மாற்றம் யாதென்பது பெரும்பாலும் அவளுக்கே விளக்கப்படுவதில்லை. அவளுடைய சகோதரனுக்கோ எதுவுமே கூறப்படுவதில்லை.

சட்டமும் இம்மௌனத்தைக் கலைக்கவில்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 1995 இல் திருத்தப்பட்டபோது, திருமணத்துக்கு வெளியே பெண்ணின் சம்மத வயது 12 இலிருந்து 16 ஆக உயர்ந்தது. இது முக்கியமான முன்னேற்றமே. எனினும் சட்டம் சம்மதத்துக்கு வயதை விதித்ததேயன்றி, சம்மதம் யாதெனக் கற்பிக்கவில்லை.

2020 இல் கொவிட் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வசதியுள்ள வீடுகளிற் கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. அதே திரையினூடாக, உடலைப் பண்டமாக்கும் சந்தையும் கட்டிளமைப் பருவத்தினரை எட்டியது. ஆசிரியர் பேசத் தயங்கியதைச் சந்தை தன் இலாபத்துக்கேற்பப் பேசுகின்றது. அந்தரங்கப் படமொன்றைக் காட்டி மிரட்டப்படும் சிறுமி, பழி தன்மீதே விழுமென அஞ்சி வீட்டிற் சொல்லாதிருக்கிறாள். மிரட்டுபவனின் பலம் தொழில்நுட்பத்தில் மட்டுமன்று, நாம் பேணிவரும் மௌனத்திலும் தங்கியுள்ளது. 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் தண்டனை விதிக்கலாம். முறையிடுவதற்கான மொழியை அவளுக்கு வழங்காது.

அம்மொழியை வழங்குவது கல்வியின் கடமை. உடல், சம்மதம், மறுக்கும் உரிமை, பிறர் படத்தைப் பகிராமை ஆகியன ஆண், பெண் இருபாலாருக்கும் கற்பிக்கப்படல் வேண்டும். அகப்பாடலைத் திணை, துறை என மனனஞ் செய்விப்பதோடு நில்லாது, அதிலே பேசும் மனிதரின் உறவைப் பற்றியும் வகுப்பறையில் நாம் உரையாடத் தொடங்கலாம்.