பித்தளை அடுப்பின் வயது

பழைய மண்ணெண்ணெய் அடுப்பொன்றைக் காண்போர் முதலில் அதன் பளபளப்பையே நோக்குவர். வயதைச் சொல்வதோ கலத்தின் அடிப்பக்கம்.

சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரில், 1892 ஆம் ஆண்டளவில், பிரான்ஸ் வில்ஹெல்ம் லின்ட்குவிஸ்ட் என்பார் 'பிறைமஸ்' அடுப்பை ஆக்கினார். அதற்குத் திரியில்லை. பம்பினால் ஏற்றிய காற்றின் அழுத்தத்தால் எண்ணெய் மேலெழுந்து, சூடேறிய குழாயில் ஆவியாகி, கரிபடியாத நீலச் சுடராய் எரியும். 1911 முதல் ஆண்டுக்குறியாக எழுத்துக்களை அடியிற் பொறிக்கலாயினர். 'ஏ' எனின் அது 1911. அளவின்றி மினுக்குவோர் அவ்வெழுத்தைத் தேய்த்துவிடுகின்றனர். விலையும் உடன் தேய்கின்றது.

எழுத்துப் பொறிக்கும் வழக்கத்துக்கு முற்பட்ட அடுப்பொன்றும் உண்டு. அதன் மதிப்பு வேறு. 1897 இல் வடமுனை நோக்கிப் பலூனிற் புறப்பட்ட அன்ட்றேயும் தோழர் இருவரும் மூன்றாம் நாளே பனிக்கட்டியில் இறங்க நேர்ந்தது. வேட்டையாடிய பனிக்கரடியின் இறைச்சியை அவர்கள் சமைத்தது ஒரு பிறைமஸ் அடுப்பில். மூவரும் மீளவில்லை. 1930 இல் வெள்ளைத் தீவில் அவர்தம் உடல்களோடு அவ்வடுப்பும் கண்டெடுக்கப்பட்டது. முப்பத்துமூன்று ஆண்டுகள் பனியிற் கிடந்தும் அது எரியும் நிலையிலேயே இருந்தது.