கடல் கொண்டதும் ஏடு காத்ததும்



மயிலாடுதுறை மாவட்டம் தரங்கம்பாடிக்குச் சென்று, அங்குள்ள டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்தையும் கடலோரத்துப் பழங்கோயிலின் சிதைவுகளையும் கண்டு வந்தோம். கண்டவற்றை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்கிறோம்.

டென்மார்க் வணிகர்கள் மிளகு வாணிபத்தை நாடி இக்கரைக்கு வந்தனர். 1620-இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் அவர்களோடு உடன்படிக்கை செய்து, கோட்டை எழுப்ப அனுமதி அளித்தார். அதுவே டேன்ஸ்போர்க் கோட்டை. கீழ்த்தளம் பண்டகசாலையாகவும் மேல்தளம் ஆளுநரின் இருப்பிடமாகவும் விளங்கின. 1845-இல் ஊர் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. பிற்காலத்தில் பயணியர் விடுதியாக இருந்த கோட்டையை, தமிழகத் தொல்லியல் துறை ஏற்று அருங்காட்சியகமாக்கியது. பீங்கான் கலங்கள், வாள்கள், பீரங்கிக் குண்டுகள், திமிங்கல எலும்பு முதலியன அச்சிறு அறைகளில் காட்சிக்கு உள்ளன.

சிறிது தொலைவில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் பெரும்பகுதியை அலைகள் கொண்டு சென்றுவிட்டன. இம்மன்னரின் ஆட்சியில்தான் அரபு வணிகர்கள் காயல் துறைக்குக் குதிரைகளைக் கொணர்ந்தனர். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இவரைக் 'கலேஸ் தேவர்' எனக் குறித்துள்ளார். எங்கோ ஈரானில் அமர்ந்து ஒருவர் எழுதி வைத்ததால், அவ்வாணிபத்தின் செய்தி இன்றும் நமக்குக் கிடைக்கிறது.

இங்கு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. கருங்கல்லால் கட்டியதைக் கடல் கரைத்துவிட்டது. ஆனால் இரகுநாத நாயக்கர் டேனிஷ் மன்னருக்குப் பொன்னேட்டில் அனுப்பிய மடலோ, நானூறு ஆண்டுகள் கடந்தும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளது. கல்லின் வலிமையால் அன்று, காப்போரின் கவனத்தால்தான் வரலாறு நிலைக்கிறது.

நமது பள்ளியின் பழைய நிகாஹ் பதிவேட்டின் முதற்பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டதைக் கண்டு நாம் வருந்தினோம். அப்பக்கங்களில் இருந்த முன்னோர் பெயர்களை இனி எவரிடம் கேட்பது? அதற்கு வேற்றூர்க் கடலைக் குறைகூற இயலாது. நமது அலட்சியமே காரணம். ஆகவே, உங்கள் இல்லங்களில் பழைய பத்திரங்கள், கடிதங்கள், கையெழுத்துப் பிரதிகள் இருப்பின் எறிந்துவிடாதீர்கள். நிர்வாகத்திடம் காட்டி நகல் எடுத்துக் கொடுங்கள். முதியோர் கூறுவதைப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த தலைமுறை தம் ஊரின் வரலாற்றை நம் ஏடுகளிலேயே படித்தறியும்.