பாரீசிலிருந்து சைகோனுக்கு

பாரீசில் வேலை பார்க்கும் என் பேரன் போன மாதம் சைகோன் போய் இறங்கியதும் போன் செய்தான். "ராத்திரி ஏறினேன் தாத்தா, மறுநாள் சாயங்காலம் வந்துட்டேன்" என்றான். ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரப் பயணம்.

புதுச்சேரிக்காரர்கள் பலரைப் போல என் தாத்தாவும் சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் குமாஸ்தா. அவர் தம்பி மர்சேயில் பட்டாளத்தில் இருந்தார். இருவருக்கும் நடுவே சூயஸ் கால்வாய் வழியாகக் கப்பலில் ஏறக்குறைய ஒரு மாதம்.

1931 ஜனவரி 17-இல் ஏர் ஓரியாந் கம்பெனி மர்சேய்–சைகோன் விமானத் தபாலைத் தொடங்கியது. பெய்ரூத் வரை நீர்விமானம். பிறகு பாக்தாத், கராச்சி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக். ஒரு மாதம் பத்து நாளாகச் சுருங்கியது. 1933-இல் அந்தக் கம்பெனி ஏர் பிரான்சில் சேர்ந்தது; அதன் சிறகு முளைத்த கடற்குதிரைச் சின்னமும் கூடவே போனது.

1932-இல் தம்பி உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தார். விமானத் தபாலுக்குத் தனிக் கட்டணம். குமாஸ்தா சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. தாத்தா கப்பலிலேயே பதில் போட்டார். கடிதம் போய்ச் சேர்வதற்குள் தம்பி போய்விட்டார்.

பிரிக்கப்படாமல் திரும்பி வந்த அந்த உறை இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. பேரன் வரும்போது காட்ட வேண்டும்.